ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு பேர்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் படகு ஒருமுறை தாழ்ந்தது. தாழ்ந்தது எழவில்லை.

தாழ்வதில் அதிசயம் இல்லை. நீளம் ஐம்பத்தேழு அடி, அகலம் ஏழடிக்கும் குறைவு என்று இருக்கிற இரும்புப் படகில், பின்பக்கம் ஒரு பூனை ஏறினாலும் முன்பக்கம் இருக்கும் தேநீருக்குத் தெரிந்துவிடும். ஆள் ஏறினால் ஒரு தாழ்வு, இறங்கினால் ஓர் எழும்பல். கால்வாயில் படகையே வீடாக்கிக் குடியிருப்பவர்கள் வாசல்மணி வைத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். ஆனால் ஏறியவர் நடக்க வேண்டும், இரும வேண்டும், குறைந்தபட்சம் இறங்கவாவது வேண்டும். இந்த ஆள் எதையும் செய்யவில்லை.

மோரிஸ் ஆட்கின் அப்போது மண்டியிட்டு, வாயில் நாலு ஸ்குருவைக் கடித்துக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே உட்சுவர்ப் பலகையைப் பொருத்திக்கொண்டிருந்தார். வயது அறுபத்தாறு. ஐம்பது வருஷம் வீடுகளுக்குக் கதவும் மாடிப்படியும் செய்த தச்சர். செப்டம்பரிலிருந்து கோபமாக இருந்தார். மகள் கெர்ரியின் துணிமணிகளை மாடிப்படியில் விசிறியெறிந்த மாப்பிள்ளை டேரன்மேல் கோபம். தான் இருக்கும் முதியோர் குடியிருப்பில் குழந்தைகள் இரவு தங்கக் கூடாது என்று பலகை மாட்டியவர்கள்மேல் கோபம். ஒரு மூலைகூடச் செங்கோணமாக இல்லாத இந்த வெற்று இரும்புக் கூட்டின்மேல் கோபம். சனிக்கிழமைக்குள் இதில் அடுப்பும் படுக்கையும் கதவும் வந்தாக வேண்டும்; கெர்ரியும் மூன்று மாதக் குழந்தை ஆல்ஃபியும் சனிக்கிழமை வருகிறார்கள். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே டெஸ்மேல் கோபம். டெஸ் அந்தப் படகுப் பட்டறையின் சொந்தக்காரர். மோரிஸ் முதல்நாள் ரசமட்டம் வைத்துச் சமையல் மேடையை அமைத்ததைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தவர். மிதக்கிற பொருளுக்கு மட்டம் ஏது? தண்ணீர்த் தொட்டியை நிரப்பியதும் படகு இன்னொரு பக்கம் சாய்ந்து, மேடை மலைச்சரிவு மாதிரி நின்றது. அன்றிலிருந்து டெஸ் போகும்போதும் வரும்போதும் கூரையைத் தட்டி, “மோரிஸ், ரசமட்டம் சௌக்கியமா?” என்று விசாரிப்பார். அன்றைக்கு மட்டும் நாலு தடவை.

ஆகவே ஐந்தாவது தடவையாகக் கூரையில் மூன்று தட்டு விழுந்தபோது மோரிஸ் செய்தது இயல்புதான். ஆனால் செய்திருக்கக் கூடாது. அடுத்தவர் படகில் யாரும் சும்மா கால் வைப்பதில்லை. கரையில் நின்று தட்டி, பேர் சொல்லி, உள்ளே இருப்பவர் ‘வா’ என்ற பிறகுதான் ஏறுவது. அந்தக் கால்வாயில் போலீஸ்காரர்கூட அப்படித்தான். மோரிஸ் பேர் கேட்கவில்லை. ஸ்குருவைத் துப்பிவிட்டுக் கத்தினார்.

“வாடா, வா! ஒருத்தனா எதுக்கு வர்ற? மொத்தப் பேரும் ஏறுங்க! எல்லாருக்கும் இடம் இருக்கு!”

அதற்குப் பிறகுதான் தாழ்ந்தது.

அவர் காத்திருந்தார். கால்வாய்த் தண்ணீர் இரும்பைச் சப்புகிற சத்தம், தூரத்தில் பாலத்தின் மேல் போகும் லாரி, புது மரமும் வார்னிஷும் கலந்த வாசனை, அந்த வாசனைக்கு அடியில் எங்கிருந்தோ மெல்ல நுழைந்த இன்னொன்று, நனைந்த கம்பளிக் கோட்டை அடுப்புப் பக்கத்தில் தொங்கவிட்டால் வருமே, அந்த நெடி. அவ்வளவுதான். எழுந்து பின்பக்கம் போனார். தளத்தில் உறைபனி மாவு சலித்தது போலப் படிந்திருந்தது. அதில் ஒரு காலடியும் இல்லை.

டெஸ் கொட்டகையில் வெல்டிங் முகமூடியோடு குனிந்திருந்தார்.

“தட்டினது நீதானே?”

“ஒரு மணி நேரமா இந்தச் சுக்கானோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன் ராசா. தட்டணும்னா எனக்கு மூணாவது கை முளைக்கணும்.”

“யாரோ ஏறினாங்க.”

“இறங்கினாங்களா?”

“இல்ல.”

“அப்ப உள்ளதான் இருப்பாங்க. டீ குடுத்தியா?”

மோரிஸ் சொன்ன பதிலை எழுத முடியாது.

*

புதன்கிழமை காலை அவர் நன்றாக வேலை செய்தார். குளியலறைத் தடுப்பை நிறுத்தினார். நடைபாதைச் சுவருக்குப் பலகை அடித்தார். இரண்டடி அகலம்கூட இல்லாத நடைபாதை. படகுக்காரர்கள் அதில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி, வயிற்றை எக்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நழுவுவார்கள். பதினோரு மணிக்கு, முன்பக்கத்திலிருந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகும்போது, மோரிஸ் நடைபாதையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி நின்றிருந்தார். “மன்னிச்சுக்கோங்க” என்றுகூடச் சொல்லியிருந்தார்.

காலையிலிருந்து அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு நடையிலும் நாலு தடவை, ஐந்து தடவை. உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, தலைக்குத்தான் தாமதமாக வந்திருக்கிறது. அவருக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். சொந்தக் கையால் பலகை அடித்த இடத்தில் தான் ஒதுங்கி வழிவிடுவதா? நேராக, தோளை விரித்து, பூட்ஸ் அதிர நடந்தார். மூன்றாவது அடியில் தோள் எதிலோ இடித்தது. கெட்டியாக இல்லை. மனுஷத் தோள் எவ்வளவு விட்டுக்கொடுக்குமோ அவ்வளவு விட்டுக்கொடுத்தது. ஈரமாக இருந்தது.

அவர் சட்டைத் தோளைத் தொட்டு முகர்ந்தார். கம்பளி, கரிப்புகை, பச்சை வெங்காயம்.

படகு தாழ்ந்தது. சற்று விட்டு இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை.

“என்ன திமிரு!” என்றார் மோரிஸ் சத்தமாக. குரல் பாதி வழியில் பிசிறியது. அதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டார்.

*

வியாழக்கிழமை டெஸ் கரையில் மண்டியிட்டு, அளவுநாடாவைத் தண்ணீர் வரைக்கும் விட்டார். குளியலறைத் தண்ணீர் வெளியேறுகிற துளை படகின் பக்கவாட்டில் இருந்தது. போன வாரம் அது தண்ணீருக்கு மேலே பத்து அங்குலத்தில் இருந்ததென்று இரண்டு பேருக்கும் நினைவிருந்தது.

“எட்டு,” என்றார் டெஸ். “உள்ள என்ன வெச்சிருக்கே? பியானோவா?”

“ஒண்ணும் இல்ல. அடித்தட்டில பாரக்கல்லு. நீ போட்ட அதே கல்லு.”

“ஒழுகுதா?”

“எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு.”

டெஸ் காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகினார். “இந்த நீளத்துக்கு ஒரு அங்குலம் தாழணும்னா கிட்டத்தட்ட ஒரு டன் வேணும் ராசா. ஆள் கணக்குல சொன்னா பன்னெண்டு பேர்.”

“அப்ப ரெண்டு அங்குலத்துக்கு?”

“என்னை ஏன் கேக்குறே? கூட்டல் நீயே போட்டுக்க.” பிறகு, சிரிக்காமல், “செவ்வாக்கிழமை தட்டினப்ப பேர் கேட்டியா?”

“இல்ல.”

“என்ன சொன்னே?”

மோரிஸ் சொன்னார். டெஸ் எழுந்தார். அப்புறம் கூரையை மூன்று தடவை மரியாதையாகத் தட்டி, “டெஸ் வந்திருக்கேன், வரலாமா?” என்று கேட்டார். மோரிஸ் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஆனால் டெஸ் அவரைப் பார்த்துக் கேட்கவில்லை. பாதி திறந்திருந்த பக்கக் கதவின் வழியே உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். மெதுவாக வெளியே எடுத்தார்.

“என்ன?”

“ஒண்ணும் இல்ல. நிக்க இடம் இருக்குற மாதிரி தெரியல.” கொட்டகையை நோக்கி வேகமாக நடந்தார், தான் மூட்டுவலிக்காரர் என்பதை மறந்து.

மோரிஸ், வந்த கோபத்தில், அடித்தட்டைப் பெயர்த்தார். தானே திருகிய ஸ்குருக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, படகை நிலைநிறுத்த அடியில் போட்டிருந்த பாரக்கற்களை இரண்டிரண்டாகக் கரைக்குத் தூக்கினார். ஒரு டன் பாரம் வெளியே வந்தது. படகு ஓர் அங்குலம் ஏறியது. அவர் கரையில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டார். கட்டுக்கயிறு லேசாகத் தளர்ந்து இறுகியது. மறுபடி தளர்ந்து இறுகியது. அவர் எண்ணினார். தேநீர் ஆறுவதற்குள் பன்னிரண்டு தடவை.

பிறகு ஜன்னல்களைப் பார்த்தார். புதிதாகப் பொருத்திய ஆறு கண்ணாடிகள். உள்ளே அடுப்பு மூட்டவில்லை, ஆள் இல்லை. ஆறிலும் உள்பக்கமாக மூச்சுப் பனித்திருந்தது, வட்ட வட்டமாக. சில வட்டம் அவர் முகத்தின் உயரத்தில். சில அதற்கும் மேலே. மூன்றாவது ஜன்னலில் விளிம்புக்கு மிகக் கீழே, ஓரமாக, சின்னதாக இரண்டு.

*

வெள்ளிக்கிழமை அவர் உள்ளே போயிருக்கத் தேவையில்லை. ஆனால் கோபக்காரர்களுக்குப் பயப்படுவது தெரியாது. பயத்தையும் கோபம் என்று எண்ணிக்கொண்டு அதற்குள்ளேயே நடந்து போவார்கள். சமையல் மேடைக்கு முன்னால் நின்றார். காற்று நகரவில்லை. பல பேர் நின்று விட்டுவிட்டு மறுபடி இழுத்த காற்று, வெதுவெதுப்பாக, ஒரு தடவை பயன்படுத்தியது போல. நெருக்கியடித்து நிற்கும் உடம்புகளின் வாசம். எங்கேயோ ஒரு பூட்ஸ் கால் மாற்றிக்கொண்டது.

“கேளுங்க,” என்றார். “நான் வாங்கன்னு சொன்னேன். அது வாய் தவறிச் சொன்னது. இப்ப சொல்றேன், இறங்குங்க. இது ஒண்ணும் சத்திரம் இல்ல. நான் முதுகு ஒடிய அடிச்ச பலகை. இது என் பொண்ணோட வீடு. அவளை ஒருத்தன் தெருவுல விட்டுட்டான். போறதுக்கு அவளுக்கு வேற எடம் கிடையாது. நாளைக்குக் காலையில வர்றா. கைக்குழந்தையோட வர்றா. மூணு மாசப் பிள்ளை…”

மூச்சுகள் நின்றன.

அதுவரை மூச்சுகள் இருந்தன என்பதே, அவை நின்றபோதுதான் தெரிந்தது. கால்வாய் சப்பும் சத்தம்கூட நின்ற மாதிரி இருந்தது. பிறகு படகு, ஐம்பத்தேழு அடியும், மிக மெதுவாக அவர் நின்ற பக்கமாகச் சாய்ந்தது. மேடையில் கிடந்த பென்சில் உருண்டு அவர் வயிற்றில் வந்து முட்டியது. எல்லோரும் அவரைப் பார்த்துத் திரும்பி அரையடி முன்னால் வந்திருந்தார்கள்.

அவர் கரைக்கு எப்படி வந்தார் என்பது அவருக்கு நினைவில்லை. அளவுநாடா கையில் இருந்தது. துளை ஆறங்குலத்தில் இருந்தது.

சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தார்.

“நாளைக்கு வராதே.”

“தங்கியிருந்த ரூம் சாவியைக் குடுத்துட்டேன்ப்பா. பெட்டியெல்லாம் கட்டியாச்சு.”

“வார்னிஷ் இன்னும் காயல.”

“காயாட்டி என்ன, நாங்க நக்கவா போறோம்?” அவள் சிரித்தாள், இரண்டு மாதத்தில் முதல் தடவை. பிறகு சிரிப்பு நின்றது. “அப்பா, நீங்களும் வேண்டாம்னு சொல்லப் போறீங்களா?”

என்ன சொல்வது? ‘படகில் நாற்பத்தெட்டுப் பேர் நிற்கிறார்கள், அது போக நான் இறக்கிய கல்லுக்கு ஈடாகப் பன்னிரண்டு பேர்’ என்றா?

“மத்தியானமா வா,” என்றார்.

*

சனிக்கிழமை காலை, இரவோடு இரவாகத் துளை தண்ணீருக்கு ஓரங்குல உயரத்துக்கு இறங்கியிருந்தது. அவர் ஒரு முடிவோடு வந்தார். படகைப் பூட்டிவிடுவது. கெர்ரியையும் பிள்ளையையும் டெஸ்ஸின் அலுவலக அறையில் தங்க வைப்பது. டெஸ் அங்கே கட்டில் போட்டு, கணப்பும் வைத்துவிட்டார், காரணம் கேட்காமல். பின்கதவைப் பூட்டியாயிற்று. முன்கதவுக்குப் பூட்டு கையில் இருந்தது. மிச்சம் ஒன்றுதான். வார்னிஷ் காய்வதற்காக வியாழக்கிழமை அவர் திறந்து வைத்த பக்கக் கதவு. நடுப்படகில், கரையைப் பார்த்து, இடுப்புயரத்தில், ஒரு சின்ன ஜன்னல் மாதிரி. அதன் தாழ்ப்பாள் உள்ளே மட்டும்தான். தாழ்ப்பாளைப் போட்டவரே அவர்தான், நேர்த்தியாக.

முன்கதவைத் திறந்து கால் வைத்தார். இருபது அடி. போய்த் தாழிட்டுத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

படகு அவருடைய எடைக்குத் தாழவில்லை.

வெளியே பனி விலகாத காலை, உள்ளே பழுப்பு வெளிச்சம். அவர் மெருகேற்றிய பலகைகள் அதில் தேன் மாதிரி மின்னின. நல்ல வேலை. தன் வாழ்நாளிலேயே இதுதான் நல்ல வேலை என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டார். நடைபாதையில் ஒன்றும் இல்லை. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. முதல் ஐந்தடி பக்கவாட்டில் நழுவிப் போனார். தோளில் தோள். முழங்கையில் இடுப்பு. ஈரக் கம்பளி கன்னத்தில் உராய்ந்தது.

“வழி விடுங்க.”

விடவில்லை. விட இடமில்லை.

“வழி விடுங்கடா!” தலையைக் குனிந்து முட்டினார். உந்தினார். அவர்கள் அவரைத் தள்ளவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். நெரிசலில் நிற்பவர்கள் நிற்கிற மாதிரி, பொறுமையாக, எதையோ எதிர்பார்த்து. பத்தடி. அதற்கு மேல் கால் தரையிலேயே படவில்லை. மார்புக்கும் முதுகுக்கும் நடுவே அவர் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தார். பக்கக் கதவு கண்ணெதிரே தெரிந்தது. அதில் சதுரமாக வெள்ளைப் பனி.

அந்தச் சதுரத்தில் சிவப்புத் தொப்பி ஒன்று வந்தது.

“அப்பா! சீக்கிரமே வந்துட்டோம். டாக்ஸிக்காரர் கிடைச்சார்.”

“கெர்ரி! தள்ளிப் போ!”

“ஷ்ஷ்! தூங்குறான். கத்தாதீங்க.” அவள் குனிந்தாள். நிமிர்ந்தபோது கையில் குழந்தைக் கூடை இருந்தது. நீலப் போர்வை. “ஐயோ, எவ்வளவு அழகா பண்ணியிருக்கீங்க! உள்ள இருட்டா இருக்கு, உங்களைச் சரியாத் தெரியல. இந்தாங்க, முதல்ல இவனைப் பிடிங்க.”

“குடுக்காதே! நான் அங்க இல்ல! கெர்ரி, நான் அங்க இல்ல!”

கத்தினார். கத்தியதாக நினைத்தார். முகத்தை அழுத்திய கம்பளி அதைக் குடித்துவிட்டது.

கூடை சதுரத்தைத் தாண்டி உள்ளே வந்தது. மகளின் கைகள் அதன் பிடியை விட்டன.

விழவில்லை.

“பிடிச்சீங்களா? சரி. நான் போய்ப் பெட்டியை எடுத்துட்டு வர்றேன்.”

சிவப்புத் தொப்பி போனது. காலடிகள் கரைப்பாதையில் தேய்ந்தன.

கூடை அந்தரத்தில் நின்றது. படகு முழுக்க ஒரு பெருமூச்சு, முன்னிருந்து பின்வரை. நீலப் போர்வையின் ஓரம் தானாக மடிந்து, பிள்ளையின் தாடைக்குக் கீழே ஒழுங்காகச் செருகப்பட்டது. கூடை லேசாக ஆடியது. இடமும் வலமும். பழகிய கை ஆட்டுகிற மாதிரி.

பிறகு நகர்ந்தது.

ஓரடி. நின்றது. ஆடியது. இன்னோர் அடி. ஒவ்வொருவராக முறை எடுத்துக்கொண்டார்கள். தலையுயரத்தில், கைக்குக் கை, அவரை விட்டு விலகி, பின்பக்கம், இருட்டுப் பக்கம். மோரிஸ் உதைத்தார். கடித்தார். வாய் நிறைய நனைந்த நூல். அறுபத்தாறு வருஷத்துக் கோபமும் அவரை ஓரங்குலம் நகர்த்தவில்லை.

குளியலறைத் துளையின் வழியே தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. மெல்லிசாக, தரையில், புது வார்னிஷின் மேல்.

கூடைக்குள்ளே பிள்ளை விழித்துக்கொண்டான். அழவில்லை. மேலே, வரிசையாகக் குனிந்த ஒவ்வொன்றையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, சிரித்தான்.